வெளிச்சம் புகாத விளக்கை எதற்குச் செய்தார்கள்?

இஸ்லாமியக் கலைப் பொருட்கள் ஏலத்துக்கு வரும்போதும், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய ஓடுகளைத் துருக்கி திருப்பிக் கேட்கும்போதும் "பள்ளிவாசல் விளக்கு" என்ற சொல் செய்திகளில் தலைகாட்டும். கூடவே ஒரு படமும் வரும். அகன்ற வாய், குறுகிய கழுத்து, உருண்டை வயிறு, வட்டப் பாதம், சங்கிலி மாட்டுவதற்குக் காதுகள். வெள்ளை உடலில் நீலக் கொடிகளும் அரபு எழுத்துகளும் படர்ந்திருக்கும். பார்ப்பதற்குப் பூச்சாடிபோல இருக்கும் இந்தப் பொருள் சுட்ட மண்ணால் ஆனது. அதன் சுவர் வழியாக ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே வராது. அப்படியானால் இதை ஏன் விளக்கு என்கிறார்கள்?

கேள்வி நியாயமானதுதான். விடைக்குத் திருக்குர்ஆனின் ஒரு வசனம், கெய்ரோவின் கண்ணாடிக் கலை, இஸ்னிக் நகரத்துச் சூளைகள் ஆகிய மூன்றையும் தொட்டுவர வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. கந்தீல்: தொங்கும் எண்ணெய் விளக்குக்கு அரபியில் உள்ள சொல். துருக்கியில் "கந்தில்". அங்கே இஸ்லாமிய ஆண்டின் ஐந்து புனித இரவுகளுக்கும் இதே பெயர்தான். அந்த இரவுகளில் மினாராக்களில் விளக்கேற்றும் வழக்கத்தால் வந்த பெயர்.

2. இஸ்னிக்: துருக்கியின் வடமேற்கில், ஏரிக்கரையில் உள்ள சிறு நகரம். கிறிஸ்தவ வரலாற்றில் நிசேயா என்ற பெயரில், 325-ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய திருச்சபைச் சங்கத்துக்காக அறியப்பட்டது இதுவே. உதுமானியர் காலத்தில், குறிப்பாக 16-ஆம் நூற்றாண்டில், பேரரசின் மிகச் சிறந்த பீங்கான் வேலை இங்கேதான் நடந்தது.

3. சினி: இந்த ஓடுகளுக்கும் கலங்களுக்கும் துருக்கியர் வைத்த பெயர். சொல்லின் பொருள் "சீனத்துடையது". சீனப் பீங்கானைப் பார்த்து ஆசைப்பட்டுச் செய்த பொருள் என்பதைப் பெயரே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் இது உண்மையான பீங்கான் அல்ல. தமிழில் வேறு எளிய சொல் இல்லாததால் இந்தக் கட்டுரையும் பீங்கான் என்றே சொல்கிறது. வேறுபாடு என்ன என்பது கீழே வரும்.

மாடம், விளக்கு, கண்ணாடி

திருக்குர்ஆனின் 24-ஆவது அத்தியாயத்தின் பெயர் அன்-நூர், அதாவது ஒளி. அதன் 35-ஆவது வசனம் இறைவனை வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி என்று சொல்லி, அந்த ஒளிக்கு ஓர் உவமை தருகிறது. சுவரில் ஒரு மாடம், மாடத்தில் ஒரு விளக்கு, விளக்கு ஒரு கண்ணாடிக்குள், கண்ணாடியோ ஒளிவீசும் விண்மீன்போல. கிழக்குக்கும் மேற்குக்கும் உரியதல்லாத ஒலிவ மரத்தின் எண்ணெய் அதில் எரிகிறது. நெருப்பு தொடாமலே ஒளிவிடக்கூடிய எண்ணெய். ஒளிக்கு மேல் ஒளி.

"மிஷ்காத்" என்ற அரபுச் சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் "மாடம்" என்றே தருகின்றன. பழைய வீடுகளின் சுவரில் அகல் வைக்க விட்ட விளக்கு மாடத்தைப் பார்த்தவர்களுக்கு உவமையின் இயக்கம் உடனே பிடிபடும். குழிந்த சுவர் வெளிச்சத்தைச் சிதறவிடாமல் ஒரே பக்கமாகத் திருப்புகிறது. சிறு சுடர் பெரிதாகத் தெரிகிறது. பள்ளிவாசலில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபும் சுவரில் குழிந்த ஒரு மாடம்தான். ஆகவே மிஹ்ராபையும் விளக்கையும் இணைத்துப் பார்ப்பது கலைஞர்களுக்கு இயல்பாக வந்தது. பாரசீகத்தின் காஷான் நகரத்து மினுமினுப்பு ஓடுகள், கல்லறைக் கற்கள், அனத்தோலியத் தொழுகை விரிப்புகள் எனப் பலவற்றிலும் வளைவுக்குக் கீழே ஒரு விளக்கு தொங்குவதைக் காணலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளத்திலும் (ஹிஜ்ரி 946, அதாவது 1539-40) நடுப் பதக்கத்தின் இரு முனைகளில் இரு விளக்குகள் தொங்குகின்றன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சின்ன விளக்கின் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. நெய்தவர் அப்படித்தான் நினைத்தாரா என்பது வேறு விஷயம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குத்துவிளக்கை வணங்கும் வழக்கமுள்ள சூழலில் வளர்ந்தவர்கள், பள்ளிவாசல் விளக்குக்கும் அப்படி ஏதோ சடங்கு இருக்கும் என்று எண்ணக்கூடும். அப்படி இல்லை. விளக்கு இங்கே வணக்கத்துக்குரிய பொருளாவதில்லை. உருவங்களைத் தவிர்க்கும் ஒரு மரபுக்கு, வேதமே தந்த உவமை என்பதால் தயக்கமில்லாமல் வரையக் கிடைத்த மிகச் சில பொருட்களில் அது ஒன்று.

கண்ணாடி விளக்குகள்: வசனம் எழுத்தாக எரிந்த காலம்

வசனம் கண்ணாடி என்கிறது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் அதைச் சொல்லுக்குச் சொல் செய்து காட்டினார்கள். ஊதிச் செய்த கண்ணாடி விளக்கின் மேல் நிறப் பூச்சாலும் பொன்னாலும் எழுதி, மறுபடி சூடேற்றிப் பதித்தார்கள். கழுத்தைச் சுற்றிப் பெரும்பாலும் ஒளி வசனத்தின் தொடக்கம் இருக்கும். வயிற்றைச் சுற்றி, விளக்கை அளித்த சுல்தான் அல்லது அமீரின் பெயரும் பட்டங்களும் இருக்கும். உள்ளே எண்ணெய்க் கிண்ணம் எரியும்போது "கண்ணாடிக்குள் விளக்கு" என்ற சொற்கள் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கால் ஒளிரும். கொடையாளியின் பெயரும் அதே ஒளியில் மின்னும் என்பதையும் மறக்க வேண்டாம். பக்தியும் பெருமையும் ஒரே விளக்கில் எரிந்தன.

கெய்ரோவில் சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்காக (கட்டுமானத் தொடக்கம் 1356) செய்யப்பட்ட விளக்குகளில் பெரும்பங்கு இன்று அந்நகரின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014 ஜனவரியில் எதிரே இருந்த காவல் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த கார்க் குண்டு அந்த அருங்காட்சியகத்தையும் சிதைத்தது. சில கண்ணாடி விளக்குகள் நொறுங்கின. பழுதுபார்த்து 2017-இல்தான் திறந்தார்கள்.

15-ஆம் நூற்றாண்டில் இந்தக் கண்ணாடித் தொழில் தளர்ந்தது. வடிவம் மட்டும் மறையவில்லை. நீலமும் வெள்ளையுமான சீனக் கலங்களில் மயங்கியிருந்த உதுமானிய அரண்மனையின் காலத்தில், அந்த வடிவம் இஸ்னிக் குயவர்களின் கைக்கு வந்தது.

அப்படியானால் மண்ணில் ஏன்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. பொருளின் அமைப்பிலிருந்தும் அது தொங்கிய இடத்திலிருந்தும் மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

1. சுவர் வழியாக வெளிச்சம் வராவிட்டாலும் வாய் வழியாக வரும். அகன்ற வாய்க்குள் எண்ணெய்க் கிண்ணம் வைத்தால் சுடரின் ஒளி மேலே, குவிமாடத்தை நோக்கிப் போகும். கீழே இருப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

2. பள்ளிவாசலுக்கு வெளிச்சம் தரும் வேலையை வேறு விளக்குகள் செய்துகொண்டிருந்தன. உதுமானியப் பெரும் பள்ளிவாசல்களில் இரும்பு வளையங்களில் வரிசையாகச் சிறு கண்ணாடிக் கிண்ணங்களைப் பொருத்தி, தொழுபவர்களின் தலைக்குச் சற்று மேலே வருமளவு தாழ்வாகத் தொங்கவிட்டார்கள். இஸ்தான்புல்லின் சுலைமானியே பள்ளிவாசலில் இந்த விளக்குகளின் புகைக்கரியை, வாசலுக்கு மேலே உள்ள ஓர் அறைக்குக் காற்றோட்டமே இழுத்துச் செல்லுமாறு கட்டடக் கலைஞர் சினான் அமைத்தார் என்றும், அந்தக் கரியில் எழுத்து மை செய்தார்கள் என்றும் சொல்வார்கள். அத்தனை சுடர்களுக்கு நடுவே தொங்கும் பளபளப்பான பீங்கான், ஒளியை வாங்கித் திருப்பித் தரும். அதுவே போதுமானதாக இருந்தது.

3. மூன்றாவதுதான் முக்கியமானது என்பது என் கருத்து. ஓட்டிலும் கல்லிலும் கம்பளத்திலும் பல தலைமுறைகளாக வரையப்பட்டதில், விளக்கு என்ற உருவமே ஒளி வசனத்தை நினைவூட்டும் அடையாளமாகிவிட்டிருந்தது. கம்பளத்தில் நெய்த விளக்கை யாரும் எரியச் சொல்லிக் கேட்பதில்லை. பீங்கான் விளக்கு, தட்டையாக வரைந்த அந்த விளக்கு முழு உருவம் பெற்று வளைவிலிருந்து இறங்கித் தொங்குவது போன்றது. அடக்கத்தலங்களில் இவை தொங்கியதற்கும் இதுவே பொருந்தும் காரணம். அடங்கியிருப்பவருக்கு மேலே தேவைப்பட்டது ஒளியின் குறி.

பீங்கான் உருண்டைகளையும் இதே வகையில் சேர்க்கலாம். விளக்குச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்ட இந்த அலங்கார உருண்டைகளில் எரிய எதுவுமே இல்லை. தீக்கோழி முட்டைகளையும் அப்படித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. அது சிலந்தியை விரட்டும் என்று இஸ்தான்புல் வழிகாட்டிகள் இன்றும் சொல்கிறார்கள். ஜெருசலேமின் அர்மீனியப் பேராலயத்திலும் விளக்குகளோடு பீங்கான் முட்டைகள் தொங்குகின்றன. அவற்றைச் செய்தது துருக்கியின் கூத்தாஹ்யா நகரம். அங்கே அர்மீனியக் கிறிஸ்தவக் குயவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். சமய எல்லையைக் குயவரின் சக்கரம் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை.

சூளைக்குள் நடப்பது

சீனப் பீங்கானுக்குக் கயோலின் என்னும் தனி வெண்களிமண் வேண்டும். ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் சூடும் வேண்டும். இஸ்னிக் குயவர்களிடம் இரண்டும் இல்லை. அவர்கள் வேறு வழியில் போனார்கள்.

1. உடல்: பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் கல்லின் மாவு. அதோடு அரைத்த கண்ணாடித் தூளும் கொஞ்சம் வெண்களிமண்ணும். சுடும்போது கண்ணாடித் தூள் உருகிக் குவார்ட்ஸ் மணிகளை ஒட்டவைக்கும். கிடைப்பது வெள்ளையான, உறுதியான உடல். தொல்லை என்னவென்றால் களிமண் குறைவானதால் இந்தக் கலவைக்கு இழுவை கிடையாது. சக்கரத்தில் வைத்து இழுத்தால் விரிசல் விடும். தட்டு செய்வது எளிது. குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் அகன்ற வாயும் கொண்ட உயரமான விளக்கைச் செய்வது மிகவும் கடினம். சேதமில்லாமல் நிற்கும் ஒரு பெரிய விளக்குக்குப் பின்னால் சூளையில் சாய்ந்துபோன பல விளக்குகள் இருந்திருக்கும்.

2. வெள்ளைப் பூச்சு: உடலின் மேல் இன்னும் தூய வெள்ளைக் குழம்பு ஒரு படலம். ஓவியம் வரையக் காகிதம்போல.

3. ஓவியம்: கோபால்ட்டிலிருந்து நீலம், செம்பிலிருந்து மயில்நீலம், மாங்கனீசிலிருந்து ஊதா.

4. மெருகு: ஈயம் கலந்த, கண்ணாடிபோன்ற தெளிவான பூச்சு. பிறகு 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுவார்கள்.

நிறங்களில் சிவப்புக்குத் தனிக் கதை உண்டு. மற்ற நிறங்கள் மெருகில் கரைந்து பரவும். இரும்புச் சத்துள்ள ஒருவகைச் செம்மண்ணைக் கெட்டிக் குழம்பாகப் பூசினால் அது கரையாமல், மெருகுக்கு அடியில் புடைத்து நிற்கும். விரலால் தடவினால் தெரியும். தக்காளிச் சிவப்பு என்று புகழப்படும் நிறம் இதுதான். மெல்லியதாகப் பூசினால் பழுப்பாகிவிடும். மிகக் கனமாகப் பூசினால் உதிர்ந்துவிடும். இஸ்னிக்கில் இது நன்றாகக் கைவந்த காலம் நீண்டதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் நிறம் மங்கியது. அரண்மனை நிர்ணயித்த விலை உயராமல் நிற்க, மற்ற விலைகளெல்லாம் ஏறிப்போனதே தொழில் நலிந்ததற்குப் பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது.

விளக்கை வைத்துக் காலத்தைக் கணிப்பது

அருங்காட்சியகங்கள் இந்த விளக்குகளை இத்தனை உயர்வாக வைத்திருப்பதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கு இஸ்னிக் என்ற பெயரே சரியாகத் தெரியாது. ரோட்ஸ் தீவில் நிறைய வாங்கியதால் சிவப்பு நிறக் கலங்களை "ரோட்ஸ் கலம்" என்றார்கள். ஊதாவும் சாம்பல் பச்சையும் உள்ளவை "டமாஸ்கஸ் கலம்". மெல்லிய சுருள் கோடுகள் கொண்டவை, இஸ்தான்புல்லில் உடைசல்கள் கிடைத்த இடத்தை வைத்து, "பொற்கொம்புக் கலம்". பழைய ஏலப் பட்டியல்களைப் படிப்பவர்கள் இன்றும் இந்தப் பெயர்களில் தடுக்கி விழுகிறார்கள்.

தட்டும் கிண்ணமும் கைமாறிக்கொண்டே இருக்கும். அவற்றில் யாரும் தேதி எழுதுவதில்லை. விளக்கோ ஒரு கட்டடத்துக்கென்று கொடுக்கப்படும். கட்டடத்துக்குத் தேதி உண்டு. இந்த எளிய வேறுபாட்டின்மேல்தான் இஸ்னிக் கலத்தின் கால வரிசை பெருமளவு நிற்கிறது. மூன்று படிகள்:

1. 1512 வாக்கில்: அந்த ஆண்டு இறந்த சுல்தான் இரண்டாம் பாயசீதின் அடக்கத்தலத்தில் இருந்த விளக்குகள். நீலமும் வெள்ளையும் மட்டும்.

2. 1549: ஜெருசலேமின் குப்பத்துஸ் ஸக்ராவில், அதாவது பாறைக் குவிமாடத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்ததாகப் பதிவான விளக்கு. 1887-இல் ஃபோர்ட்னம் என்ற சேகரிப்பாளர் இதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சுமார் 38 செ.மீ. உயரம். நீலம், மயில்நீலம், கறுப்பு உண்டு; சிவப்பு இல்லை.

3. 1557: அந்த ஆண்டு நிறைவுற்ற சுலைமானியே பள்ளிவாசலின் விளக்குகள். ஒன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவற்றில் சிவப்பு வந்துவிட்டது.

இரண்டாம் படியில் சற்று நிற்க வேண்டும். சுல்தான் சுலைமான் அந்தக் குவிமாடக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு ஓடு பதித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதே வேளையில் வந்த இந்த விளக்கின் அடிப்பகுதி எழுத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஹிஜ்ரி 956, ஜுமாதல் ஊலா மாதம் என்ற காலம். இஸ்னிக்கில் அடங்கியிருக்கும் எஷ்ரெஃப்சாதே என்ற இறைநேசரை விளித்து ஒரு வேண்டுதல். அவர் 15-ஆம் நூற்றாண்டுச் சூஃபி. பிறகு ஓவியரின் பெயர்: முஸ்லி. "ஏழை, எளியவன்" என்ற அடைமொழிகளோடு. நம் பழைய ஏடுகளில் "அடியேன்" வருவதுபோன்ற பணிவு அது. இஸ்னிக் கலைஞர்கள் அனேகமாகப் பெயர் எழுதாதவர்கள் என்பதால், ஒரு கந்தீலின் அடியில் கிடைத்த இந்தப் பெயர் அபூர்வம்.

ஊரின் பெயரையும் ஆண்டையும் ஒருசேரத் தந்த இந்த எழுத்து, "டமாஸ்கஸ்" என்ற முத்திரையை நொறுக்க உதவியது. அந்தக் கூட்டத்துக் கலங்களோடு இந்த விளக்கின் வேலைப்பாடு நெருங்கிய உறவுடையது. அதுவோ இஸ்னிக்கைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அடுத்து, 1549-இல் இல்லாத சிவப்பு 1557-இல் இருப்பதால், அந்த நிறம் நடுவில் உள்ள எட்டு ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்தது என்ற கணிப்பு பிறக்கிறது. தேதியே இல்லாத ஏராளமான தட்டுகளை "1550-களுக்குப் பின்" என்று அட்டையில் எழுதும் துணிச்சல் இதிலிருந்துதான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை: சிவப்பு இருந்தால் அந்தக் காலத்துக்குப் பிந்தையது என்பது வலுவான வாதம். சிவப்பு இல்லாததால் முந்தையது என்பது வலுவற்ற வாதம். எல்லா ஓவியரும் எல்லா நிறத்தையும் எப்போதும் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

போலியும் பிரதியும்

19-ஆம் நூற்றாண்டில் தேவை பெருகியபோது பிரதிகளும் பெருகின. பாரீஸில் தியோடோர் டெக், சாம்சன் நிறுவனம், ஃபிளாரன்ஸில் கந்தகல்லி ஆகியோர் இஸ்னிக் பாணியில் கலங்கள் செய்தார்கள். கந்தகல்லியின் அடியில் சேவல் முத்திரை இருக்கும். கண்ணாடி விளக்குகளைப் பாரீஸின் பிலிப் ஜோசஃப் புரோகார் செய்தார். ஏமாற்றும் எண்ணத்தோடு எல்லோரும் செய்யவில்லை. முத்திரை அழிந்த பிறகோ அழிக்கப்பட்ட பிறகோதான் பிரதி போலியாகிறது. வாங்குபவர்கள் கவனிப்பவை:

1. மெருகு படாத பாதத்தில் உடலின் நிறம். குவார்ட்ஸ் உடல் வெள்ளையாக இருக்கும். இத்தாலியப் பிரதிகளில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் மங்கிய செந்நிற மண் தெரியலாம்.

2. சிவப்பு புடைத்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா.

3. எழுத்து படிக்கத் தக்கதா. அரபு அறியாதவர் பார்த்து வரைந்தால் எழுத்து கொடியாகிவிடும்.

4. எங்கிருந்து, எப்போது வெளியேறியது என்ற ஆவணம். இதுதான் இன்று மிகப் பெரிய கேள்வி.

யாருடையது?

கட்டடத்துக்காகச் செய்த பொருள் கட்டடத்தைவிட்டுப் போவது எப்படி? விளக்குகளைப் பொறுத்தவரை விற்பனை, பழுதுபார்ப்பு, பரிசு, திருட்டு எல்லாம் கலந்தே நடந்தன; சங்கிலியை அவிழ்த்தால் எடுத்துப்போகலாம் என்பதால் தடயமும் குறைவு. ஓடுகளின் கதை சற்றுத் தெளிவானது. இஸ்தான்புல் ஆயா சோபியாவின் வளாகத்தில் சுல்தான் இரண்டாம் செலீமின் அடக்கத்தலம் இருக்கிறது. அதன் வாசலின் இருபுறமும் இஸ்னிக் ஓட்டுப் பலகைகள் இருந்தன. அங்கே பழுதுபார்க்கும் பொறுப்பேற்ற ஆல்பர் டோரிஞி என்ற பிரெஞ்சுக்காரர் இடப்பக்கப் பலகையைக் கழற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார். 1895-இல் அது பாரீஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. துருக்கி பல ஆண்டுகளாகத் திருப்பிக் கேட்கிறது. முறையாக வாங்கியது என்கிறது மறுதரப்பு.

அடக்கத்தலத்தின் வாசலில் இப்போதும் இரு பலகைகள் இருக்கின்றன. வலப்பக்கம் உள்ளது 16-ஆம் நூற்றாண்டினது, சிவப்பு மங்கவில்லை. இடப்பக்கம் உள்ளது பிரான்சில் செய்து அனுப்பிய பிரதி. சற்றே வெளிறிப்போன அதன் அருகில், அசல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் அறிவிப்பு ஒன்றைத் துருக்கி வைத்திருக்கிறது.